தொலைபேசிக்கு மேலே ஒன்பது கேள்விகள்

என் மகள் தன் இரண்டாவது பிள்ளையை வீட்டிலேயே பெற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். அவளுக்கு வலி எடுத்த அன்று அவள் அம்மா வீட்டில் இல்லை. தொலைபேசியை எடுத்தவன் நான். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் ஒன்பதும் என் கண்ணுக்கு நேரே சுவரில் ஒட்டியிருந்தன. அப்போது அவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. சாப்பிட்டியாம்மா என்று கேட்டேன்.

நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்றும் பகல் இரண்டரை மணிக்குத் தொலைபேசி மணி அடித்தால் முதலில் கடிகாரத்தைத்தான் பார்ப்பேன்.

என் மனைவி மலாக்காவில் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். தோட்டத்தில் நர்சை மிஸ்ஸி என்பார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் அவள் பார்த்த பிரசவங்களுக்குக் கணக்கில்லை. தோட்டம் கைமாறி ஆஸ்பத்திரியை மூடிய பிறகு நாங்கள் கிளேபாங்கில் டெரஸ் வீடு ஒன்றுக்குக் குடிவந்தோம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். பழைய பள்ளிக்கே மோட்டார் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தேன். அவளுக்கு வேலை இல்லை. ஆனால் தோட்டத்துப் பெண்கள் அவளை விடவில்லை. எங்கள் வீட்டு எண்ணை எப்படியோ வாங்கிக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வீட்டில் பிள்ளை பெற விரும்புகிறவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி வருவார். அதற்குக் கர்ப்பக் கார்டில் வெள்ளையோ பச்சையோ வில்லை ஒட்டியிருக்க வேண்டும். மஞ்சளோ சிவப்போ ஒட்டியிருந்தால் ஆஸ்பத்திரிதான். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது வேறு. இது நிஜ வலியா, சூட்டு வலியா? இப்போதே மிஸ்ஸிக்கு ஆள் அனுப்பலாமா, அனுப்பினால் திட்டுவாரா? மலாயில் இதை எப்படிச் சொல்வது? இதைக் கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. மலாக்கா டவுனில் ஓய்வுபெற்ற இன்னொரு மிஸ்ஸி இருந்தார். இரண்டு பேரும் பேசிக்கொண்டு, காலையில் அவர் வீட்டு எண், மத்தியானத்துக்கு மேல் எங்கள் வீட்டு எண் என்று வைத்துக்கொண்டார்கள்.

"நாம பிரசவம் பார்க்கப் போறதில்ல. யாரு வீட்டுலயே இருக்கலாம், யாரு உடனே கிளம்பணும், இதைப் பிரிச்சுச் சொல்லிட்டா போதும்" என்பாள் என் மனைவி.

பிரித்துச் சொல்வதற்குத்தான் அந்த ஒன்பது கேள்விகள். அவள் சொல்லச் சொல்ல அட்டையில் எழுதியது நான். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி பெரிய எழுத்து. எந்தப் பதில் வந்தால் காத்திருக்கக் கூடாதோ அதற்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டதும் நான்தான்.

பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டே இந்தப் பேச்சைத் தினமும் கேட்டிருக்கிறேன். பல தடவை மாமியார்கள்தான் போனைப் பிடித்துக்கொள்வார்கள். மருமகளுக்கு வலி எப்படி என்று கேட்டால் தங்களுடைய ஏழு பிரசவத்தையும் சொல்வார்கள். "இப்ப உங்களுக்கு வலிக்குதாம்மா? இல்லல்ல? அப்ப வலிக்கிறவகிட்ட போனைக் குடுங்க" என்பாள் இவள். ஒரு தடவை ஒருவர் தோட்டத்து மளிகைக் கடைப் போனிலிருந்து கூப்பிட்டார். இவள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அங்கிருந்து லயத்தைப் பார்த்துக் கத்தினார் போலிருக்கிறது. இவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தம்பி, ஊருக்கே சொல்லாதீங்க லா. வீட்டுக்குப் போயி அதுகிட்ட மெதுவா கேட்டுட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

நான் எடுத்தால் மட்டும் வேறு கதை. ஆண் குரல் கேட்டதும் வைத்துவிடுவார்கள். அதனால் "கொஞ்சம் இருங்கம்மா, கூப்பிடுறேன்" என்று சொல்லி அவளிடம் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் போய்விடுவேன். போனாலும் காதில் விழும். ஒன்பது கேள்வியும், எந்தப் பதிலுக்கு எது மறுமொழி என்பதும் எனக்கு மனப்பாடம்.

ஆனால் அது வேறு வீட்டுப் பெண்களுக்கு. என் மகளுக்கும் எனக்கும் நடுவில் அந்த மாதிரிப் பேச்சே கிடையாது. அவள் பெரிய மனுஷியானபோது என்னிடம் யாரும் நேரே சொல்லவில்லை. பள்ளியிலிருந்து வந்தேன், வீட்டில் பெண்கள் கூட்டம், "நீங்க உங்க தம்பி வீட்டுல போயி சாப்பிட்டுக்குங்க" என்றாள் மனைவி. புரிந்துகொண்டேன். அன்றிலிருந்து அவள் உடம்பைப் பற்றிய எந்தச் செய்தியும் அவள் அம்மா வழியாகத்தான் எனக்கு வரும். வயிற்று வலி என்றால்கூட நான் மேற்கொண்டு கேட்க மாட்டேன். இதை நான் மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் அக்கம்பக்கத்தில் எந்த அப்பாவும் வேறு மாதிரி இருந்ததில்லை.

முதல் பிள்ளையை வழக்கப்படி எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெற்றாள். வார்டில் தனியாகப் படுத்திருந்தது அவளுக்கு ஆகவில்லை. அம்மா கை எட்டாத இடத்தில் இனி வேண்டாம் என்றாள். இரண்டாவது பிள்ளை, வழக்கப்படி புருஷன் வீட்டில். அவர்கள் தஞ்சோங் கிளிங்கில் வாடகைக்கு இருந்தார்கள். மருமகன் லாரி ஓட்டுகிறவர். கார்டில் வெள்ளை வில்லை. கிளினிக் மிஸ்ஸியும் சரி என்றுவிட்டார். நான் மட்டும் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள். பயமாக இருக்கிறது என்றேன். "பயந்தா வாசல்ல உக்காந்துக்குங்க. எப்பவும் அங்கதானே இருப்பீங்க" என்றாள் மனைவி. மகள் சிரித்தாள். வலி வந்தால் முதலில் அம்மாவுக்குப் போன். அம்மா பஸ் ஏறிப் போவாள், கிளினிக்குக்கும் அவளே சொல்வாள். இதுதான் ஏற்பாடு.

நாள் குறித்ததற்குப் பத்து நாள் முன்னால், பள்ளி விடுமுறையில், பழைய தோட்டத்தில் ஒரு சாவு. என் மனைவியோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அவள் காலையிலேயே கிளம்பிவிட்டாள். சாயங்காலப் பஸ்ஸில்தான் திரும்புவாள். யாராவது கூப்பிட்டால் டவுன் மிஸ்ஸி எண்ணைக் கொடுத்துவிடச் சொன்னாள்.

இரண்டு முப்பத்தைந்துக்கு மணி அடித்தது.

"அப்பா, அம்மா இல்லையா?"

"துக்க வீட்டுக்குப் போயிருக்காங்கம்மா. ஆறு மணி ஆயிரும். என்னம்மா?"

"ஒண்ணும் இல்லப்பா. வந்தா பேசச் சொல்லுங்க."

"உடம்பு நல்லாயிருக்கா?"

"ம்."

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்."

வைத்துவிட்டாள். அவள் அந்த நேரத்தில் கூப்பிடுகிறவள் அல்ல. அது மூத்தவளைத் தூங்க வைக்கும் நேரம். நான் நின்றபடியே அட்டையைப் பார்த்தேன். முதல் கேள்வி: வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை வருகிறது? நானே எழுதியது. திரும்பக் கூப்பிட்டு இதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. கேட்டால் அவள் கூச்சப்படுவாள், நானும் கூச்சப்படுவேன், ஒன்றும் இல்லை என்றால் அப்புறம் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றும் தோன்றியது. தேநீர் கலக்கினேன். ஆறிப் போகும்வரை குடிக்கவில்லை.

மூன்று மணிக்குத் திரும்பக் கூப்பிட்டாள்.

"அம்மா வந்துட்டாங்களாப்பா?"

"இன்னும் இல்லம்மா. மருமகன் இருக்காரா?"

"ஜொகூர் போயிருக்காரு. நாளைக்குத்தான்..." பேச்சு பாதியில் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. பேசிக்கொண்டே இருக்கும் பெண் நடுவில் நின்றால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்று என் மனைவி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பார்த்தேன். முக்கால் நிமிஷம். "...வருவாரு" என்று முடித்தாள்.

"வயித்து வலியாம்மா?"

"லேசா. வாயு மாதிரி இருக்குப்பா."

அதற்குள் மூன்று வயதுப் பேத்தி போனைப் பிடுங்கிவிட்டது. "தாத்தா, அம்மா பாயில உச்சா போயிட்டா. நான் போகல."

மகள் போனை வாங்கினாள். "அது ஏதோ உளறுது" என்றாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றும் நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. பனிக்குடத்துத் தண்ணீர் உடைந்துவிட்டது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆறாவது கேள்வியே அதுதான்: தண்ணீர் உடைந்ததா, என்ன நிறம்? குழந்தை பதிலில் பாதியைச் சொல்லிவிட்டது. மீதிப் பாதியைக் கேட்க என் வாய் வரவில்லை. டவுன் மிஸ்ஸி எண்ணைச் சொன்னேன். "அவங்ககிட்ட பேசும்மா. அவங்க பொம்பள, உனக்குச் சொல்லுவாங்க." எழுதிக்கொள்கிறேன் என்றாள். போனை வைத்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்த நிம்மதி பத்து நிமிஷம்கூட இருக்கவில்லை. டவுன் மிஸ்ஸிக்கு நானே போன் பண்ணினேன். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு தடவை. அதுவும் நின்றது. காலை முறை முடிந்தால் அவர் வெளியே போகிறவர்தானே.

மூன்றரைக்கு மகளைக் கூப்பிட்டேன். வெகுநேரம் கழித்து எடுத்தாள்.

"டவுன் மிஸ்ஸி எடுக்கலப்பா" என்றாள்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அவள் எதிரே நிற்பது போலவும் என் முகம் அவளுக்குத் தெரியக் கூடாது என்பது போலவும் இருந்தது. அட்டையை வாசித்தேன். தினமும் கேட்ட என் மனைவியின் தொனியில், முகம் தெரியாத ஒருத்தியிடம் கேட்பது போல.

"வலி எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை வருதுங்கம்மா?"

 அவளும் முகம் தெரியாதவருக்குச் சொல்வது போலவே சொன்னாள். "நாலு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவைங்க."

"ரத்தம் போகுதுங்களா?"

"இல்லைங்க."

"தண்ணி உடைஞ்சிருச்சா?"

"ரெண்டு மணிக்கு முன்னாடியேங்க."

"என்ன நிறம்?"

மூச்சுச் சத்தம். "கீரை கடைஞ்ச தண்ணி மாதிரிங்க." பிறகு குரல் மாறிவிட்டது. "கொஞ்சம்தான்ப்பா பச்சை. அம்மா பார்த்தா பரவால்லன்னுகூட சொல்லுவாங்க."

அந்தக் கேள்விக்குக் கீழே நான் போட்ட சிவப்புக் கோடு. பச்சை என்றால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்துவிட்டது, அதை மூச்சில் இழுத்துவிடும், யாருக்கும் காத்திராமல் ஆஸ்பத்திரி.

"பரவால்லன்னு அம்மா சொல்ல மாட்டாங்க. ஆஸ்பத்திரிம்மா."

"எல்லாம் துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன்ப்பா" என்று அழுதாள். "கட்டில்கூட நகர்த்தியாச்சு."

"இருக்கட்டும். போனை வைக்காதே. வேலிப் பக்கம் போயி மக்சிக்கைக் கூப்பிடு."

மக்சிக் என்பது பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா. அவர் மகன் மீன் வியாபாரி, வேன் வைத்திருந்தார். மகள் போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். செருப்புச் சத்தம் தேய்ந்து போவது கேட்டது. பேத்தி வந்து எடுத்தது. "தாத்தா, பூனை வந்துச்சு." சரிம்மா, போனை வைக்காதே. "அதுக்கு வால் இல்ல." சரிம்மா. "அம்மா கீழ உக்காந்துட்டா." எங்கம்மா, வாசலிலா?  அது பூனையோடு பேசப் போய்விட்டது. போனைக் காதில் அழுத்திக்கொண்டு நான் என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை. பிறகு மக்சிக்கின் குரல் வந்தது. "சிக்கு, என் மகன் வேனை எடுக்கிறான். உங்கள் மகளை நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று மலாயில் சொன்னார். வாத்தியார்களை அவர்கள் சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் கிளேபாங். பெரிய சாலையில் நிற்கிறேன், ஏற்றிக்கொள்ளுங்கள் என்றேன். மனைவிக்கு ஒரு தாளில் எழுதிக் கதவில் செருகிவிட்டு ஓடினேன்.

சாலையோரத்தில் வாழைப்பழம் பொரித்து விற்கிறவர் என்னைத் தெரிந்தவர். எதற்கு நிற்கிறேன் என்று தெரியாமல் வழக்கம்போல ஒரு பொட்டலம் கட்டி என் கையில் வைத்துவிட்டார். மறுக்கவும் தோன்றவில்லை. தஞ்சோங் கிளிங் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டே நின்றேன். பஸ் போனது. சிமெண்ட் லாரி போனது. வெள்ளை வேன் ஒன்று வர, கை நீட்டினேன். அது வேறு யாரோ.

கடைசியில் மீன் வேன் வந்தது. முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். பின்னால் நெகிழிப் பெட்டிகளை ஒதுக்கிப் பாய் விரித்து அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். மக்சிக் மடியில் அவள் தலை. பேத்தியை மக்சிக்கின் மருமகள் வைத்துக்கொண்டாராம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"இடது பக்கம் சாஞ்சு படும்மா."

"படுத்திருக்கேன்."

"முக்கணும்போல வருதா?"

இது ஒன்பதாவது கேள்வி. "வருதுப்பா" என்றாள். இப்போது 'ங்க' இல்லை.

"முக்காதே. வாயைத் திறந்து மூச்சு விடு. நாய் மாதிரி." இதுவும் என் மனைவி சொல்வதுதான். பின்னால் அவள் அப்படியே விட்டாள். மக்சிக்கும் சேர்ந்து விட்டார். டவுனுக்கு முன்னால் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள்; வண்டிகள் ஒற்றை வரிசையில் நகர்ந்தன. மக்சிக்கின் மகன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் தள்ளுகட்டிலில் ஏற்றும்போது ஒரு இளம் டாக்டர் ஓடி வந்தார். தண்ணீர் எப்போது உடைந்தது என்று கேட்டார்.

"மூன்றரைக்கு" என்றாள் மகள்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். மூன்றரைக்குத்தானே நான் கேட்டேன். அதற்கு முந்திய ஒன்றரை மணி நேரத்தை அவள் மூடிவிடப் பார்த்தாள். அந்த நேரம் டாக்டருக்குத் தேவை என்று எனக்குத் தெரியும்.

"இல்லை. இரண்டு மணிக்கும் முன்னால்" என்றேன். "இரண்டு முப்பத்தைந்துக்கு எனக்குப் போன் பண்ணினாள். நான் கேட்கவில்லை."

டாக்டர் என் முகத்தையும் கையிலிருந்த பொட்டலத்தையும் பார்த்தார். கட்டிலோடு உள்ளே போய்விட்டார்.

இருபது நிமிஷத்தில் பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. அழவில்லை. அழுகைச் சத்தத்துக்காகக் கதவோடு ஒட்டி நின்றிருந்தேன். உள்ளே ஆட்கள் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. கதவு திறந்து ஒரு நர்ஸ் எதையோ துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு எதிர் அறைக்கு விரைந்தார். அதுதான் என் பேரன் என்று பிறகு தெரிந்தது. மூச்சுக் குழாயில் பச்சை இறங்கியிருக்கிறது, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்கள்.

ஏழு மணிக்கு மனைவி வந்தாள். தாளைப் பார்த்ததும் அப்படியே கிளம்பியிருக்கிறாள். சாவு வீட்டுக்குப் போன சேலை, தலைகூட முழுகவில்லை. அதனால் கிட்டே வராமல் நடையின் அந்தக் கோடியிலேயே நின்றாள். அங்கிருந்தே கேட்டாள்.

"எப்ப கூப்பிட்டா?"

சொன்னேன்.

"நீங்க எப்ப கேட்டீங்க?"

அதையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நான் இல்லாட்டி அப்பாகிட்ட சொல்லுன்னு அவகிட்ட நான் ஒரு நாளும் சொல்லல" என்றாள். "உங்ககிட்டயும் சொல்லல. ஊருக்கெல்லாம் கேள்வி எழுதி வச்சேன். இது எனக்குத் தோணவே இல்ல."

பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, சேலையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரமாகவே மகளைப் பார்க்கப் போனாள்.

பேரன் எட்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். முதல் மூன்று நாள் எங்கள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஜொகூரிலிருந்து வந்த மருமகன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை. நான்காம் நாள் பிள்ளைக்கு ஆக்சிஜனைக் குறைத்தார்கள். அந்த இளம் டாக்டரை நடையில் மறித்து, ஒன்றரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் இது நடந்திருக்காதா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். குறைவாக இருந்திருக்கலாம், இதே மாதிரியும் இருந்திருக்கலாம் என்றார். தாமதம் காரணம் இல்லை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம். மனைவி துணி அலசப் போயிருந்தாள். மகள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நெற்றி வியர்த்திருந்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தாள், அந்தப் புழுக்கத்தில். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வாயைத் திறந்தேன். அதைக் கேட்கவில்லை.

"எங்கம்மா வலிக்குது?"

"ஒண்ணும் இல்லப்பா."

"எங்கன்னு சொல்லும்மா."

அவள் திரும்பவில்லை. "மார்ல பால் கட்டிக்கிச்சு. பிள்ளை இன்னும் குடிக்கலல்ல. கல்லு மாதிரி இருக்கு."

"எப்பலேருந்து?"

"முந்தாநேத்துலேருந்து. நர்ஸ்கிட்ட சொல்லல."

"காய்ச்சல் இருக்கா?"

"ராத்திரி குளிர் நடுங்குச்சு."

நான் எழுந்து நர்ஸ்கள் உட்கார்ந்திருக்கும் மேசைக்குப் போனேன். அங்கே ஒரு ஆண் உதவியாளரும் நோயாளிகளைப் பார்க்க வந்த இரண்டு ஆண்களும் நின்றிருந்தார்கள். அவர்கள் நகர்ந்து போகட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. என் மகளுக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டது, இரண்டு நாளாக, நேற்று ராத்திரி குளிர் காய்ச்சல் என்று எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.